வீட்டுக்காரர் மாறிவிட்டார்

சட்டம் தெளிவாகத்தான் இருந்தது. வீட்டை யார் விற்றாலும், யார் வாங்கினாலும், அதில் குடியிருப்பவரை யாரும் அசைக்க முடியாது. பழைய உரிமையாளரிடம் என்ன உரிமையோடு இருந்தாரோ, அதே உரிமையோடு புதியவரிடமும் இருக்கலாம். எல்லாம் ஒரே வரி. அந்த ஒரு வரியை நம்பிப் பல்காரர் பேசாமல் வீட்டில் இருந்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை. அவர் அதை உறுதி செய்துகொள்ளப் போனார்.

பல்காரர் என்றால் பல் பிடுங்குகிறவர் அல்ல. பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்பும் வாய்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கிறவர். முன்னறை ஜன்னலோரம் அவருடைய மேஜை. அதன்மேல் மேல்வரிசையும் கீழ்வரிசையுமாகப் பற்கள் காய்ந்துகொண்டிருக்கும். அந்த வீட்டுக்கு வருகிறவர்களை முதலில் வரவேற்பது யாருடையதென்று தெரியாத நாலைந்து சிரிப்புகள்தான். மனைவி ஒரு பேக்கரியில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று ரொட்டி கட்டிக் கொடுக்கிற வேலை பார்த்தாள். மூன்றாவது ஆள் பல்காரரின் அக்கா.

அக்காவுக்குச் சர்க்கரை வியாதி கண்ணைக் கொண்டுபோய்விட்டது. ஒரேயடியாகப் போகவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. அது போய்க்கொண்டிருந்த நாட்களிலேயே அக்கா உஷாராகி, வீட்டை விரலால் பாடம் பண்ணிவிட்டாள். எந்தச் சுவர் எங்கே மடங்குகிறது, எந்த அலமாரிக் கதவு பாதியில் நின்றுவிடும், சமையலறைத் தரையில் எந்த ஓடு ஆடும் எல்லாம் அவளுக்குத் தெரியும். டீ போடுவாள், துணி தேய்ப்பாள். மற்ற இருவரும் வழியில் நின்றால் அதட்டுவாள். புதிதாக வருகிறவர்களுக்கு அவளுக்குக் கண் தெரியாது என்பது புரியவே கொஞ்ச நேரம் ஆகும்.

வீட்டின் பழைய சொந்தக்காரர் கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் வீட்டோடு போய்ச் சேரப்போவதாக ஒரு நாள் வந்து சொன்னார். டீயைக் குடித்துவிட்டுச் சொன்னார்:

"வீட்டை ஒரு டாக்டருக்குக் கொடுத்துட்டேன். தங்கமான மனுஷன். உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. அதான் சட்டம் இருக்கே."

"அப்ப சரி. நல்லபடியா போயிட்டு வாங்க" என்றாள் அக்கா. அவளைப் பொறுத்தவரை விஷயம் அத்தோடு முடிந்தது.

பல்காரருக்கு முடியவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. கப்பல்காரர் சொன்னதை மனைவியிடம் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அது கொஞ்சம் பொய் மாதிரி கேட்டது.

"வாடகை வாரியத்துக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேனே, அக்கா."

"டேய், நல்லா இருக்கிற பல்லை எதுக்குடா ஆட்டிப் பார்க்கிற?"

"ஒரு நிம்மதிக்குத்தான்."

"இப்ப நிம்மதிக்கு என்ன குறைச்சல்?" என்று கேட்டுவிட்டு அக்கா துணி மடிக்கப் போய்விட்டாள்.

வாடகைதாரர் பாதுகாப்பு வாரியம் ஒரு பெரிய கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. வாசலில் 'அஞ்ச வேண்டாம்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே 'அனுமதியின்றி உள்ளே வந்தால் நடவடிக்கை எடுக்கப்படும்' என்று அதைவிடப் பெரிய எழுத்தில் இருந்தது. உள்ளே உதவி ஆணையர் உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர், மரியாதை தெரிந்தவர். யாரையும் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் திருப்பி அனுப்புவார்.

அலுவலகங்களில் பல்காரருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பதால் மனைவிதான் ஆரம்பித்தாள்.

"எங்க வீட்டுக்காரர் மாறிட்டார் சார்."

உதவி ஆணையர் பல்காரரை ஏற இறங்கப் பார்த்தார். "அதுக்குக் குடும்ப கோர்ட்டுக்குப் போகணும்மா. எதிர்த் தெரு."

"அந்த வீட்டுக்காரர் இல்ல சார். வீட்டுக்குச் சொந்தக்காரர்."

"அப்ப இவர்?"

"இவர் என் வீட்டுக்காரர்."

"இவர் மாறலையா?"

"இல்ல சார். இவர் அப்படியேதான் இருக்கார்."

அதைச் சொல்லும்போது அவள் குரலில் லேசான வருத்தம் இருந்ததாகப் பல்காரருக்குப் பட்டது.

விஷயத்தை முழுவதும் கேட்டுக்கொண்ட உதவி ஆணையர் மலர்ந்து போனார். "கவலையே படாதீங்க. உங்களுக்கு முழுப் பாதுகாப்பு உண்டு. சட்டமே சொல்லுது. சரி, யார்கிட்டேருந்து பாதுகாப்பு வேணும்?"

"புது சொந்தக்காரர்கிட்டேருந்து."

"அவர் உங்களை மிரட்டினாரா?"

"இன்னும் ஆளையே பார்க்கலை சார்."

உதவி ஆணையர் பேனாவை மூடினார். "அங்கதான் இடிக்குது. குடை கொடுக்கணும்னா மழை பெய்யணும் இல்லையா? மிரட்டாத மனுஷன்கிட்டேருந்து உங்களைக் காப்பாத்தினா, நாங்க அவரைச் சந்தேகப்பட்டதா ஆகிடும். வாரியம் யாரையும் சந்தேகப்படுறது கிடையாது."

"அப்ப நாங்க சும்மா வீட்டுக்குப் போயிடட்டுமா?"

"இனிமே முடியாதே. நீங்க வந்து கேட்டாச்சு. கேட்ட நிமிஷத்துலேருந்து உங்க பாதுகாப்பு கேள்விக்குரியது. கேள்வி தீர்ற வரைக்கும் நீங்க பாதுகாப்பு இல்லாதவர்."

"கேட்காம இருந்திருந்தா?"

"முழுப் பாதுகாப்பு" என்றார் உதவி ஆணையர் பெருமையோடு. "நம்ம சட்டம் அவ்வளவு வலுவானது."

இருவரும் படியிறங்கினார்கள். கடைசிப் படியில் மனைவி நின்று, "சரி, வாங்க. அந்த டாக்டரைப் போய் நம்மளை மிரட்டச் சொல்லுவோம்" என்றாள்.

புது வீட்டுக்காரரை மாட்டு டாக்டர் என்பார்கள். அவர் மாட்டைத் தொட்டு ரொம்ப காலம் ஆகிவிட்டது. வருவதெல்லாம் நாயும் பூனையும்தான். இவர்கள் போனபோது ஒரு பூனைக்கு மாத்திரை கொடுக்க அதனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"எங்களைக் கொஞ்சம் மிரட்டணும் டாக்டர்" என்றார் பல்காரர்.

டாக்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. "நான் ஏதாவது தப்பா நடந்துக்கிட்டேனா?"

விளக்கியபிறகு அவருக்கு இன்னும் பயமாகிவிட்டது. பரம்பரையில் யாரும் யாரையும் மிரட்டியதில்லை என்றார். ஆனால் இவர்கள் நிலைமையைப் பார்த்து மனசு கேட்காமல் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். 'அன்புடையீர், தங்களுக்கு வசதிப்படும்போது வீட்டைக் காலி செய்வது பற்றி யோசித்தால் மகிழ்ச்சியடைவேன். வீட்டில் அனைவருக்கும் என் அன்பு.'

உதவி ஆணையர் அதைப் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "இதுல மிரட்டல் எங்க இருக்கு? நலம் விசாரிச்சிருக்கார். சரி, நானே நேர்ல வரேன். என் முன்னால வாயால மிரட்டட்டும். ஆனா ஒண்ணு, மிரட்டல் இயல்பா இருக்கணும். சொல்லிக் கொடுத்த மாதிரி தெரிஞ்சா தள்ளுபடி."

குறித்த நாளில் டாக்டர் முன்கூட்டியே வந்துவிட்டார். கையில் பழப் பை வேறு. அக்காதான் அவரைத் தயார் செய்தாள்.

"ஊசி போடும்போது பிராணி முரண்டு பிடிச்சா அதுங்ககிட்ட என்ன சொல்லுவீங்க?"

"பயப்படாதே கண்ணு, ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுவேன்."

"அதை மட்டும் சொல்லிடாதீங்க."

உதவி ஆணையர் வந்தார். உட்கார்ந்தார். டீ குடித்தார். சுவரில் சாய்ந்துகொண்டு, "ம், ஆரம்பிக்கலாம்" என்றார்.

டாக்டர் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார். "நீங்க இந்த வீட்டை விட்டுப் போகலைன்னா..."

"போகலைன்னா?" என்று எடுத்துக் கொடுத்தார் உதவி ஆணையர்.

"போகலைன்னா... எனக்கு வருத்தமா இருக்கும்."

உதவி ஆணையரின் பேனா கீழே போனது. அக்கா டாக்டரின் முதுகுக்குப் பின்னால் நின்று, "சாமான், சாமான்" என்று முணுமுணுத்தாள்.

"சாமானை எல்லாம் தூக்கித் தெருவுல வீசிடுவேன்!" என்று டாக்டர் கத்திவிட்டார். குரல் உடைந்தது. கை மேஜையில் பட்டு ஒரு கீழ்வரிசை தரையில் விழுந்தது. பதறிப்போய் அதைப் பொறுக்கித் துடைத்து வைத்து, எல்லோரிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டார்.

"மன்னிப்பை நான் கேட்டுக்கலை" என்றார் உதவி ஆணையர் பெருந்தன்மையாக. "மிரட்டலைக் கேட்டுக்கிட்டேன். போதும்."

பாதுகாப்பு ஆணை சீக்கிரமே வந்தது. பல்காரர் குடும்பத்தை டாக்டரிடமிருந்து முழுமையாகக் காப்பாற்றியிருந்தார்கள். டாக்டர் அந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. அவர் மருத்துவமனைக் கதவில் 'மிரட்டும் இயல்புடைய உரிமையாளர்' என்று வாரியத்தின் ஆள் வந்து ஒட்டிவிட்டுப் போனார். அதைப் படித்தவர்கள் தங்கள் நாயைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் பார்த்தார்கள். டாக்டர் தெருமுனையில் நின்றபடி, வாசலை மிதிக்காமல், பல்காரருக்குப் போன் செய்தார்.

"என்னால தாங்க முடியலைங்க. முதல்ல வந்து கேட்டவங்களுக்கு வீட்டைக் கொடுத்துட்டேன். ஒரு கம்பெனி. என்னை மன்னிச்சிடுங்க."

அந்தக் கம்பெனிக்கு முகம் கிடையாது. போனில் இனிமையான ஒரு பெண்குரல் மட்டும் உண்டு. அந்தக் குரல் யாரையும் மிரட்டவில்லை. 'வீட்டை மேம்படுத்தப் போகிறோம், உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி' என்றது. முதலில் தண்ணீரை மேம்படுத்தினார்கள், குழாயில் வருவது நின்றது. பிறகு மாடிப்படிக் கைப்பிடியை மேம்படுத்தினார்கள், அது லாரியில் போனது. ஒரு நாள் பல்காரரும் மனைவியும் வெளியே போயிருந்த நேரத்தில் வாசற்கதவை நிலையோடு பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

திரும்பி வந்தபோது அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கதவு இருக்க வேண்டிய இடத்தில் அவள் கை காற்றைத் துழாவிக்கொண்டிருந்தது. முழங்கையில் ரத்தம்.

"தம்பி, இங்க ஒரு கதவு இருந்துதேடா" என்றாள். அதுவரை அவள் குரலில் அப்படி ஒரு கேள்வியைப் பல்காரர் கேட்டதில்லை. கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். அக்காவைக் கைப்பிடித்து அந்த வீட்டுக்குள் கூட்டிப்போனது அதுதான் முதல் தடவை.

மறுநாளே இருவரும் வாரியத்துக்கு ஓடினார்கள்.

"கதவை எடுத்துட்டுப் போயிட்டாங்க சார்."

"அடடா. மிரட்டினாங்களா?"

"மிரட்டலை. நேரா எடுத்துட்டாங்க."

உதவி ஆணையர் உதட்டைப் பிதுக்கினார். "மிரட்டல் வேற, செயல் வேற. இது மிரட்டல் பிரிவு. செயல் பிரிவு இன்னும் ஆரம்பிக்கலை. நாற்காலி வந்தாச்சு, ஆள் வரலை."

"எங்ககிட்டதான் பாதுகாப்பு ஆணை இருக்கே சார்?" என்றார் பல்காரர்.

"அது டாக்டருக்கு எதிரானது. பிரமாதமான ஆணை. இந்த ஜென்மத்துல அந்த டாக்டரால உங்களை ஒண்ணும் செய்ய முடியாது."

"நேத்து அந்த டாக்டர்தான் வந்து வாசலுக்குச் சாக்குத்துணி கட்டிக் கொடுத்துட்டுப் போனார்."

"வாசலுக்கு வந்தாரா?" உதவி ஆணையர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது ஆணையை மீறின குற்றம். முதல்லயே சொல்லக் கூடாதா? உடனே நடவடிக்கை எடுத்துடலாம்."

மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. "சார், சட்டத்துல ஒரே ஒரு வரிதானே இருக்கு? யார் வாங்கினாலும் குடியிருக்கிறவங்களுக்கு அதே உரிமைன்னு?"

"வரி ஒண்ணுதாம்மா. அந்த ஒரு வரியைக் கட்டிக் காக்கத்தான் இந்த மாடி முழுக்க நாங்க உட்கார்ந்திருக்கோம்."

அதற்குமேல் அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைகளிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அவளைச் சமாதானப்படுத்த வழி தெரியாமல் உதவி ஆணையர் இருவரையும் வாரியத் தலைவரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

தலைவர் பருத்த உடம்பும் ஈரக் கண்ணும் உள்ளவர். யார் கஷ்டத்தைச் சொன்னாலும் சொல்லி முடிப்பதற்குள் அவருக்குக் கண் கலங்கிவிடும். அதனால் யாரும் முழுதாகச் சொல்லி முடித்ததில்லை. அக்கா காற்றைத் துழாவிய கதையைப் பாதி கேட்டதுமே கைக்குட்டையை எடுத்துவிட்டார்.

"உங்க பிரச்சினை என்ன தெரியுமா? உரிமையாளர் மாறிக்கிட்டே இருக்கார். மாறவே மாறாத ஒரு உரிமையாளர் கிடைச்சா?"

"யாரு சார் அது?"

தலைவர் தன் மார்பில் கையை வைத்துக்கொண்டார். "வாரியம்."

சொன்னபடியே வாரியம் அந்த வீட்டைக் கம்பெனியிடமிருந்து வாங்கிவிட்டது. புதுக் கதவு வந்தது, குழாயில் தண்ணீர் வந்தது. தெருவை அடைத்து மேடை போட்டார்கள். பல்காரர் குடும்பத்தை முதல் வரிசையில் உட்கார வைத்து மாலை போட்டார்கள். அக்கா மாலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "பிளாஸ்டிக்" என்றாள். தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"இந்த வாரியம் தொடங்கிய காலத்தில் பாதுகாப்புக் கேட்டு வந்த குடும்பங்கள் ஏராளம். கூட்டம் வாசலில் அலைமோதும். இன்று பாருங்கள், ஈ காக்கை கிடையாது. அத்தனை குடும்பங்களும் எங்கே போயின? அது எங்களுக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் யாரும் திரும்பி வரவில்லை. அதுதான் நம் வெற்றி!"

கைதட்டல். முக்கியமாக வாரிய ஊழியர்கள் தட்டினார்கள்.

"வீட்டுக்குச் சொந்தக்காரர் எதிரி, வாரியம் காவலன் என்று இதுவரை இருந்தது. இன்று முதல் காவலனே சொந்தக்காரன். இனிமேல் இவர்களுக்கு யாரிடமிருந்து பாதுகாப்பு வேண்டும்? யாரிடமிருந்தும் வேண்டாம். ஆகவே இன்று முதல் இவர்களுக்குப் பாதுகாப்பே தேவையில்லை என்று அறிவிப்பதில் நான் பெருமைப்படுகிறேன்!"

பல்காரரும் கைதட்டினார். தட்டிக்கொண்டிருந்தபோதே கடைசி வாக்கியம் காதில் விழுந்து, கை பாதியில் நின்றது.

கூட்டம் கலைந்ததும் உதவி ஆணையர் அவரை ஓரமாக அழைத்துப் போனார். "ஒரு சின்ன விஷயம். வாடகைச் சட்டம் வாரியத்துக்குப் பொருந்தாது. அரசாங்க அமைப்புக்கு அதுலேருந்து விலக்கு உண்டு. எங்ககிட்டேருந்து உங்களை நாங்களே காப்பாத்தினா, அப்புறம் நாங்க யார் பக்கம்னு எங்களுக்கே குழப்பம் வந்துடும் பாருங்க."

"அதனால என்ன சார்? நாங்கதான் பழையபடி இருக்கப் போறோமே?"

"அதுவும் ஒரு சின்ன விஷயம். இந்த வீடு நினைவகமா ஆகுது. 'பாதுகாக்கப்பட்ட வாடகைதாரர் இல்லம்'. ஒரு வாடகைதாரர் எப்படி நிம்மதியா வாழ்ந்தார்ங்கறதை ஜனங்க நேர்ல வந்து பார்க்கணும். அதுக்கு வீட்டைக் காலியா வச்சுக்கணும் இல்லையா?"

"சாமான் எல்லாம்?"

"சாமான் அப்படியே இருக்கட்டும். அதுதானே காட்சி. நீங்க மட்டும் போனா போதும்."

மனைவி இதைக் கேட்டு அழவில்லை, சத்தமும் போடவில்லை. உள்ளே போய் அக்காவின் மருந்துப் பெட்டியை மட்டும் எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அதையும் காட்சிப் பொருள் என்று கேட்டால் கையைக் கடித்துவிடுவாள் போலிருந்தது. யாரும் கேட்கவில்லை.

அவர்களுக்கு இடம் கொடுத்தது மாட்டு டாக்டர்தான். மருத்துவமனைக்கு மேலே காலியாகக் கிடந்த இரண்டு அறைகளைத் திறந்துவிட்டார். நாய் குளிப்பாட்டும் சோப்பு வாசனை அடித்தது.

"எவ்வளவு நாள் வேணும்னாலும் இருங்க. ஒரே ஒரு நிபந்தனை" என்று கைகூப்பினார். "தயவு செஞ்சு அங்க போய் எதையும் கேட்காதீங்க."

கேட்கவில்லை. ஆனால் அந்த மாடி அறைகளில் அக்கா வேறு ஆளாகிவிட்டாள். கட்டில் ஒரு பக்கம் இருக்கும் என்று நினைத்துக் கையை நீட்டினால் அங்கே சுவர் இருந்தது. சுவரென்று சாயப்போனால் ஜன்னல் இருந்தது. ஒரு நாற்காலியில் காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை அங்கேயே இருந்தாள். தண்ணீர் வேண்டுமென்றால் கூப்பிட்டாள். ஒருநாள் குளிக்க வைக்கும்போது அவள் முழங்கால்களில் கறுத்துக் கிடந்த காயங்களை மனைவி பார்த்தாள். "எப்ப அண்ணி இடிச்சுக்கிட்டீங்க?" என்று கேட்டதற்கு, "இந்த வீடுதாம்மா நடுவுல நடுவுல வந்து இடிக்குது" என்றாள் அக்கா. வேடிக்கையாகச் சொல்லத்தான் பார்த்தாள். வரவில்லை.

பல்காரருக்கும் வேலை நின்று போயிருந்தது. கருவிகளெல்லாம் நினைவகத்தில் இருந்தன. ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர் ஒருவர் பல் இல்லாமல் மூன்று வேளையும் பாலில் ரொட்டி நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, தினம் போன் செய்து கெஞ்சிக்கொண்டிருந்தார். அவருக்குச் செய்த செட்டையாவது வாங்கி வரலாமென்று ஒரு விடுமுறை நாளில் பல்காரர் கிளம்பினார். மனைவியும் கிளம்பினாள்.

"நானும் வரேன்" என்றாள் அக்கா. நாற்காலியை விட்டு எழுந்து நின்றேவிட்டாள்.

நினைவகத்தில் கூட்டமே இல்லை. காப்பாளராகப் போட்டிருந்த பெண்மணி முழங்கையை ஊன்றித் தூங்கிக்கொண்டிருந்தார். வேறு துறையிலிருந்து மாற்றலாகி வந்தவர். யாராவது வர மாட்டார்களா என்று ஏங்கிப் போயிருந்தார். இவர்களைப் பார்த்ததும் எழுந்து, மனப்பாடம் செய்ததை ஒப்பிக்க ஆரம்பித்தார். வீடு முழுக்கச் சிறு கம்பங்கள் நட்டு, சிவப்புக் கயிறு கட்டியிருந்தார்கள்.

"இது குடும்பத் தலைவரின் பணி மேஜை. இங்கே காணப்படும் பற்கள் அவருடைய முன்னோர்களுடையவை என்று கருதப்படுகிறது."

"அம்மா, அது என் மேஜைங்க. அந்தப் பல்லு ஒரு போஸ்ட் மாஸ்டரோடது. மனுஷன் பட்டினி கிடக்கார்."

"கயிற்றுக்கு அந்தப் பக்கம் கை நீட்டாதீங்க சார்."

இருவரும் பேசிக்கொண்டிருந்தபோது அக்கா தம்பியின் கையை விட்டுவிட்டாள். யாரும் கவனிக்கவில்லை. கயிறு இடுப்பில் பட்டதும் அதைத் தூக்கிவிட்டுக் குனிந்து உள்ளே நுழைந்தாள். தடுமாறாமல் மூலையில் திரும்பினாள். தன் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். சுவரை ஒருமுறை உள்ளங்கையால் தடவினாள். பிறகு சிரித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு. பல்காரருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"அம்மா, அங்க உட்காரக் கூடாது!"

"உட்கார்ந்தாச்சே" என்றாள் அக்கா.

காப்பாளர் போன் செய்தார். உதவி ஆணையர் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார்.

"எழுந்திருங்கம்மா."

"மாட்டேன்."

உதவி ஆணையர் காப்பாளர் பக்கம் திரும்பினார். "இவங்களை வெளியில அனுப்புங்க."

காப்பாளர் யோசித்தார். அவருக்கும் தன் துறையின் விதிகள் தெரியும். "முடியாது சார். இது இப்ப நினைவகம். இந்தக் கயித்துக்கு உள்ள இருக்கிற எதையும் எடுக்கக் கூடாது, நகர்த்தக் கூடாது. மீறினா ஜெயிலு."

"அது பொருளுக்குங்க. இவங்க ஆளு."

"கட்டில்ல ஒரு அம்மா உட்கார்ந்திருக்கிற மாதிரி சிலை வைக்கணும்னு உங்க தலைவர்தான் சொன்னார். சிலை இன்னும் வரலை. இப்ப அந்த இடத்துல ஒரு அம்மா உட்கார்ந்திருக்காங்க. இதை அப்புறப்படுத்தச் சொன்னது நீங்கதான்னு ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க, நான் அப்புறப்படுத்திடறேன்."

உதவி ஆணையர் தன் உத்தியோகத்தில் அதுவரை தன் பெயரில் ஒரு கையெழுத்துப் போட்டதில்லை. எல்லாம் 'ஆணைப்படி' என்றுதான் போகும். கூரையைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். வேறு ஒரு முக்கியமான வேலை ஞாபகம் வந்து கிளம்பிவிட்டார்.

மனைவி கயிற்றைத் தூக்கிவிட்டு சமையலறைக்குள் போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். பல்காரர் மட்டும் வெளியே நின்றார். உள்ளே போகலாமா என்று காப்பாளரிடம் கேட்க வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். குனிந்து நுழைந்து, மேஜை முன்னால் உட்கார்ந்து, போஸ்ட் மாஸ்டரின் மேல்வரிசையை எடுத்து அரத்தால் ராவ ஆரம்பித்தார்.

குடியிருப்பவர்களாக இருந்தபோது கிடைக்காத பாதுகாப்பு, காட்சிப் பொருளானதும் அவர்களுக்குக் கிடைத்துவிட்டது. இப்போது அவர்களை யாரும் தொடவே முடியாது. காப்பாளர் நல்ல மாதிரி. சாயங்காலமானால் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு, "வரேன் அக்கா" என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போவார். மனைவி பேக்கரிக்குப் போகும் நேரத்தில் சமையலறை வாசலில் ஒரு அட்டை தொங்கும். 'இப்பொருள் பராமரிப்புக்காக வெளியே கொண்டு செல்லப்பட்டுள்ளது.' மாட்டு டாக்டர் பார்வையாளராகச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்து, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று டீ குடித்துவிட்டுப் போவார். நினைவகத்துக்கு வரும் பார்வையாளரைத் தடுக்க ஆணையில் இடமில்லை. அவரிடம் நாய்களும் மெல்லத் திரும்ப ஆரம்பித்திருந்தன.

ஒரு நாள் வாரியத் தலைவர் வந்தார். பல ஊர்களின் வாடகை வாரியங்களிலிருந்து வந்திருந்த விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். இங்கே நடந்தது எதையும் உதவி ஆணையர் அவரிடம் சொல்லவில்லை. தலைவருக்குக் கண் கலங்கிவிடுமே என்றுதான்.

பல்காரர் மேஜையில் குனிந்தபடி மூச்சை அடக்கிக்கொண்டார். தலைவர் கயிற்றின் முன்னால் நின்று கையை வீசினார்.

"பாருங்கள்! வீடு மாறவில்லை. மேஜை மாறவில்லை. எத்தனை உரிமையாளர்கள் வந்தார்கள், போனார்கள்! இங்கே ஒரு தூசு கலையவில்லை. அதோ, அந்தச் சிலைகள். எவ்வளவு தத்ரூபம்! இந்த மாதிரியான ஒரு நிம்மதியை உயிருள்ள வாடகைதாரர் முகத்தில் நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?"

யாரும் பார்த்ததில்லை. விருந்தாளிகள் தலையாட்டினார்கள்.

"மூச்சு விடுற மாதிரியே இருக்கே?" என்றார் அவர்களில் ஒருவர்.

"நம்ம கலைஞர்கள் அப்படி" என்றார் தலைவர். கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அக்கா கட்டிலை விட்டு எழுந்தாள். நேராக நடந்து வந்து கயிற்றைத் தூக்கினாள். தலைவரின் வயிற்றுக்கு ஒரு விரல்கடை முன்னால் நின்றாள்.

"கொஞ்சம் வழி விடுங்க. அடுப்புல பால் இருக்கு."

தலைவர் ஒதுங்கி நின்றார்.